உழைக்கும் பெண்களின் போராட்ட வரலாற்றைச் சேகரித்துப் பாதுகாத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேயிலைத் தோட்டம், பீடி, தீப்பெட்டி, நூற்பாலை, ஆயத்த ஆடை, உப்பளம், வயல், வீட்டுவேலை ஆகியவற்றில் உழைத்த தமிழ்ப் பெண்களின் வேலையையும் அவர்கள் நடத்திய போராட்டங்களையும் பதிவு செய்ய முன்வருவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சங்க ஊழியர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், தம் தாயின் அல்லது பாட்டியின் உழைப்பை எழுதி வைக்க விரும்பும் குடும்பத்தினர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டுள்ளன.

தொழிலாளர் இயக்க வரலாறு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறதே, பெண்களுக்கென்று தனியாகச் சேகரிக்க வேண்டிய தேவை என்ன?

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்டது என்பதையும், பி. பி. வாடியா, திரு. வி. க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் அதன் பின்னணியில் நின்றார்கள் என்பதையும், சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடினார் என்பதையும் தொழிலாளர் வரலாற்றில் ஆர்வமுள்ள எவரும் அறிவர். அதே காலத்தில் கோவைப் பகுதி ஆலைகளிலும் மலைத் தோட்டங்களிலும் தஞ்சை வயல்களிலும் பெருந்தொகையாக உழைத்த பெண்களில் பத்துப் பேரின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால், அந்த வரலாற்றை நன்கு கற்றவர்களும் தயங்குவார்கள்.

இதற்குப் பெண்கள் போராடவில்லை என்பது காரணமன்று. ஆவணம் உருவான முறையே காரணம். தோட்டங்களில் வேலைப் பதிவேடு, ஆட்களைச் சேர்த்து மேற்பார்த்த கங்காணியின் கணக்கை ஒட்டி நடந்தது. இலங்கைத் தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவர் போய் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பீடித் தொழிலில் ஒருவர் பெயரிலுள்ள பாஸ் புத்தகத்தில் வீட்டிலுள்ள இரண்டு மூன்று பெண்கள் சுற்றிக் கொடுப்பதுண்டு. கணக்கில் இருப்பவர் ஒருவர், உழைத்தவர்கள் மூவர். வயல் வேலையிலோ கூலி நெல்லாக அளக்கப்பட்டதால் காகிதமே இல்லை. சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகளும் தீர்மானத்தை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களைத்தான் எழுதிவைத்தன. ஊர்வலத்தில் வந்தவர்கள் ‘திரளான பெண்கள்’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிப்போனார்கள். அந்த இரண்டு சொற்களைப் பிரித்துப் பெயர்களாக்குவதே நம் முதல் வேலை.

சட்டமும் சில நேரங்களில் இப்பெண்களைத் தொழிலாளர் என்று காண மறுத்திருக்கிறது. அகமதாபாத்தில் தலைச்சுமைப் பெண்களையும் பழந்துணி விற்கும் பெண்களையும் திரட்டி இலா பட் தொடங்கிய சேவா அமைப்பு, தொழிற்சங்கமாகப் பதிவு கேட்டபோது, உங்களுக்கு முதலாளி யார் என்ற கேள்வி எழுந்தது. முதலாளி இல்லாதவர்கள் எவரை எதிர்த்துச் சங்கம் வைப்பார்கள் என்பது அதிகாரிகளின் ஐயம். வாதாடிய பிறகே 1972 ஏப்ரலில் பதிவு கிடைத்தது. பதிவேட்டில் இடம்பெறுவதே ஒரு போராட்டமாக இருந்தவர்களின் வரலாற்றைப் பதிவேடுகளை மட்டும் நம்பி எழுத முடியாது.

எழுத்து ஆவணம் குறைவாக உள்ள ஒருவரின் வாழ்க்கையை மீட்டெடுத்ததற்கு முன்னுதாரணம் உண்டா?

உண்டு. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டிய மணலூர் மணியம்மை அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர், முடியைக் கத்தரித்துக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, சேரிகளுக்குள் சென்று, சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் ஆளாகியிருந்த மக்களுடன் நின்றார். 1953இல் இறந்தார். அவர் தம் கைப்பட எழுதிய வாழ்க்கைக் குறிப்பு எதுவும் அடிப்படையாகக் கிடைக்காத நிலையில், எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் அவரோடு பழகியவர்களையும் அப்பகுதி மக்களையும் தேடிச் சென்று, கேட்டறிந்தவற்றைக் கொண்டு அவர் வாழ்க்கையை நாவலாக்கினார். இன்று பலர் மணியம்மையை அறிந்திருப்பதற்கு அந்த அலைச்சல் முதன்மையான காரணம். ஆயினும் நாவல் என்பது நாவல்தான். எந்தச் செய்தியை யார் சொன்னார் என்பதை வாசகர் அதிலிருந்து பிரித்தறிய இயலாது. அத்தகைய உரையாடல்கள் ஒலியாகவும் பாதுகாக்கப்பட்டால், அடுத்து வருபவர்கள் தாமே கேட்டு முடிவுக்கு வர இயலும்.

இலங்கை மலையகத்தில் கோ. நடேசய்யரோடு சேர்ந்து தோட்டத் தொழிலாளரிடையே சங்கம் வளர்த்த மீனாட்சியம்மாளின் நிலை சற்று வேறுபட்டது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத மக்களிடம் அரசியலைக் கொண்டுசெல்ல அவர் கூட்டங்களில் பாட்டுப் பாடினார். அப்பாடல்கள் சிறு நூலாக அச்சிடப்பட்டதால் இன்றும் கிடைக்கின்றன. சில பக்கங்கள் கொண்ட மலிவான அச்சுப் பிரசுரம் ஒன்று ஒரு பெண்ணின் குரலை எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காப்பாற்றியிருக்கிறது. சங்க அலுவலகப் பரணில் கிடக்கும் துண்டறிக்கைகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் இதை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

அண்மைக்காலப் போராட்டங்கள் செய்தித்தாளிலும் காணொளியிலும் பதிவாகியுள்ளனவே, அவற்றுக்கும் இத்தனை அவசரம் தேவையா?

பழையவற்றைவிட இவற்றுக்கே அவசரம் அதிகம் என்பது எங்கள் கருத்து. 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். நாள் கூலி 232 ரூபாயாக இருந்த நிலையில் போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்து அமர்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். அங்கிருந்த எந்தத் தொழிற்சங்கத்தின் தலைமையையும் அவர்கள் ஏற்கவில்லை; சங்கத் தலைவர்களை அருகே வரவும் விடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று அறியப்பட்ட அந்தப் போராட்டம் ஒன்பது நாளில் 20 சதவீத போனஸ் என்ற கோரிக்கையை வென்றது. 500 ரூபாய் கூலி கேட்டுத் தொடர்ந்த பேச்சுவார்த்தை, அக்டோபரில் 301 ரூபாயில் முடிந்தது.

கோமதி, லிசி சன்னி, இந்திராணி ஆகியோரின் பெயர்கள் அப்போது தொலைக்காட்சிகளில் தொடர்ந்து ஒலித்தன. ஆனால் செய்தித் தொலைக்காட்சிகள் பதிவு செய்தது சாலையை மட்டுமே. முதல் நாள் காலை எந்த டிவிஷனிலிருந்து (தோட்டப் பிரிவிலிருந்து) யார் யாரைக் கூப்பிட்டார்கள், கொழுந்து எடுக்கும் இடத்தில் பேச்சு எப்படிப் பரவியது, ஒன்பது நாளும் வீட்டில் குழந்தைகளுக்கு யார் சமைத்தார்கள், கடையில் கடன் கொடுத்தவர் யார், வீட்டு ஆண்கள் என்ன சொன்னார்கள், வெற்றிக்குப் பிறகு ஒற்றுமை ஏன் தளர்ந்தது என்பவற்றுக்குக் காணொளிகளில் பதில் கிடைக்காது. அவை அந்தப் பெண்களின் நினைவில் இருக்கின்றன. அவர்களுள் பலர் ஓய்வு பெற்று, தோட்ட வீட்டைக் காலி செய்து, தென்மாவட்ட ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். வேலை முடிந்தால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடியிருக்கும் உரிமையும் முடிந்துவிடுகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணில் புதைந்தபோது 70 உயிர்கள் போயின. ஒரு பகுதி மக்களின் நினைவும், புகைப்படமும், பெட்டியிலிருந்த காகிதமும் ஒரே இரவில் இல்லாமல் போகக்கூடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

எவற்றையெல்லாம் சேகரிக்க வேண்டும்?

போராட்டத்தைப் பற்றிய காகிதங்களை மட்டும் தேடுவது பலரும் செய்யும் குறை. வேலையைப் பற்றிய காகிதங்கள் இல்லாமல் போராட்டம் விளங்காது. சம்பளச் சீட்டு, வருகை அட்டை, ஆலை டோக்கன், பீடி பாஸ் புத்தகம், பி.எஃப். கணக்குச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, பேறுகால விடுப்புக்கான மனு, பணிநீக்கக் கடிதம், விளக்கம் கேட்டு நிர்வாகம் கொடுத்த மெமோ, அடகுக் கடைச் சீட்டு, சீட்டுப் பணம் கட்டிய நோட்டு ஆகிய யாவும் வேண்டும். வேலைநிறுத்தம் நடந்த மாதத்து அடகுச் சீட்டு, அந்த வேலைநிறுத்தம் ஒரு குடும்பத்திற்கு என்ன விலையில் கிடைத்தது என்பதை எந்தத் தலைவரின் உரையையும்விடத் துல்லியமாகச் சொல்லும்.

1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களிடம் பாஸ்போர்ட்டும் தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டையும் இருக்கும். அவற்றில் பெண்ணின் பெயர், வயது, பிறந்த தோட்டம் ஆகியவை எழுதப்பட்டிருப்பதால், இரு நாட்டுப் பதிவுகளை இணைக்கும் கயிறாக அவை பயன்படுகின்றன.

பொருட்களையும் மறக்கலாகாது. கொழுந்துக் கூடை, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு, பீடிக் கத்தரி, முறம், கதிர் அரிவாள், சங்கக் கொடி, மாநாட்டுப் பேட்ஜ் ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்து, யாருடையது, எத்தனை ஆண்டு பயன்பட்டது என்று எழுதுங்கள். பொருளை அவர்களிடமிருந்து வாங்கிச் செல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

போராட்டக் காலத்தில் சோறு பொங்கியவர்களின் கணக்கு நோட்டு கிடைத்தால் அதைப் பொக்கிஷமாகக் கருதுங்கள். பொன்மலையில் ரயில்வே தொழிலாளருக்கு உணவு விடுதி நடத்திய ஒரு தாயின் வீட்டிலிருந்துதான் பாப்பா உமாநாத் இயக்கத்துக்கு வந்தார். அத்தகைய அடுப்படிகளைச் சங்க வேலையின் பகுதியாக எழுதாத வரலாறு பாதி வரலாறு.

நேர்காணலை எப்படி நடத்துவது?

முதல் சந்திப்பில் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்காதீர்கள். எதற்காக வந்திருக்கிறோம், பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள் என்பதை விளக்கி, அவருக்கு வசதியான நேரத்தைக் கேட்டுத் திரும்புங்கள். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளன்று. துணி துவைப்பதும் ரேஷன் வாங்குவதும் அன்றுதான். அந்த ஊரில் மூத்த பெண்களை அம்மா, ஆச்சி, அப்பத்தா, அக்கா என்று எப்படி அழைப்பார்களோ அப்படியே அழையுங்கள்.

‘போராட்டத்தில் உங்கள் பங்கு என்ன?’ என்று தொடங்கினால், பெரும்பாலும் ‘நான் என்ன செஞ்சேன், எல்லாரோடயும் போனேன்’ என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். பல பத்தாண்டுகளாக யாரும் கேட்காத ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும்போது வரும் கூச்சம் அது. ஆகவே ஒரு நாளின் வேலையிலிருந்து தொடங்குங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், பெரட்டுக் களத்துக்கு (காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கும் இடம்) எந்த நேரத்தில் போய் நிற்க வேண்டும், எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர் (முழு நாள் கூலி), குறைந்தால் அரைப்பேர் போட்டது யார், பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) குழந்தைக்குப் பால் கொடுக்கப் போக எத்தனை நிமிடம் விட்டார்கள், மாதவிடாய் நாட்களில் என்ன செய்தார்கள், கழிப்பிடம் எங்கே இருந்தது என்று கேட்கக் கேட்க, எதை எதிர்த்துக் கோபம் வந்தது என்பது தானாகவே வரும். பீடி சுற்றியவரிடம், சுற்றிக் கொண்டுபோன பீடியில் எத்தனையைக் கழித்தார்கள், கழித்ததை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கொடுத்த இலை போதாமல் சொந்தக் காசில் இலை வாங்கியதுண்டா என்றும் கேளுங்கள். இத்தகைய கேள்விகளுக்குத் தயாராக வேண்டுமானால், தொழிலை முன்கூட்டியே ஓரளவு கற்றுக்கொண்டு போக வேண்டும்.

கணவரோ மகனோ அருகில் அமர்ந்து பதிலைத் திருத்துவது நடக்கும். அவர்களைப் பகைக்க வேண்டாம். அவர்களிடம் தனியாக ஒரு நேர்காணல் எடுத்துக்கொண்டு, பெண்ணிடம் பேச மற்றொரு நாள் செல்லுங்கள். இரண்டு மூன்று தோழியரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் சொல்வதும் நல்ல பலன் தரும். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். ஆனால் அவமானம், வன்முறை பற்றியவற்றைக் குழுவில் கேட்கலாகாது.

அழுகை வந்தால் பதிவை நிறுத்துங்கள். மீண்டும் தொடங்குவதா என்பதை அவரே சொல்லட்டும்.

நினைவு தவறக்கூடுமே, அதை எப்படி வரலாறாக ஏற்பது?

ஆண்டும் எண்ணிக்கையும் நினைவில் பிசகும் என்பது உண்மை. அவற்றுக்கு அச்சு ஆவணங்களோடு ஒப்பிடுங்கள். 1920களிலும் 30களிலும் சென்னை மாகாண அரசின் பொதுப்பணி, தொழிலாளர் துறை ஆணைகள், சுதேசிப் பத்திரிகைகள் பற்றி அரசு தயாரித்த வாராந்தரச் சுருக்கங்கள், 1931இல் அறிக்கை தந்த தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷனின் சாட்சியத் தொகுதிகள், திரு. வி. க.வின் நவசக்தி இதழ், பிற்காலத்து ஜனசக்தி, தீக்கதிர் இதழ்கள் ஆகியவை பயன்படும். அமைப்புசாராப் பெண் தொழிலாளர் பற்றி இலா பட் தலைமையிலான தேசிய ஆணையம் 1988இல் தந்த சிரமசக்தி அறிக்கை, எண்பதுகளில் இப்பெண்கள் இருந்த நிலையை அறிய இன்றியமையாதது.

இருவர் சொல்வது முரண்பட்டால், ஒன்றை அழித்து மற்றொன்றை வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டையும் வைத்து, முரண்படுகின்றன என்று குறிப்பு எழுதுங்கள். போலீஸ் எத்தனை மணிக்கு வந்தது என்பதில் ஒரு பெண் தவறலாம். எப்படி அடித்தார்கள் என்பதில் அவர் சொல்லைப் போலீஸ் குறிப்பைக் கொண்டு திருத்த முற்படுவது அநீதி.

பேசியவரின் பெயரை வெளியிடலாமா?

அவர் விரும்பினால் மட்டும். இதில் எந்தத் தளர்வுக்கும் இடமில்லை. வேலையில் இருப்பவர் பேசியது தெரிந்தால் வேலை போகும். ஓய்வு பெற்றவர் பேசினால் அதே ஆலையில் இருக்கும் மகளின் வேலை போகலாம். பெயருடன் உடனே வெளியிடலாம், பெயரின்றி வெளியிடலாம், குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு வெளியிடலாம், தம் இறப்புக்குப் பிறகு வெளியிடலாம், வெளியிடவே வேண்டாம் என்ற வாய்ப்புகளை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் சொல்லும் விடையையும் ஒலியாகப் பதிவு செய்யுங்கள். எழுதத் தெரியாதவரிடம் கைநாட்டு மட்டும் வாங்கிக்கொள்வதை நாங்கள் ஏற்கவில்லை. மனம் மாறினால் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு என்றும் உண்டு.

பாலியல் வன்முறை பற்றிய பேச்சில் இது இன்னும் கடுமையாகப் பின்பற்றப்பட வேண்டும். திண்டுக்கல் பகுதியில் ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பின்பு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நடத்திய நெடும் போராட்டத்தின் பயனாக 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. வேலையிடத்தில் பாலின வன்முறையைத் தடுக்க, நிறுவனத்தோடு வெளிநாட்டுத் துணிக்கடை நிறுவனங்களையும் கட்டுப்படுத்திய ஒப்பந்தம் அது. அதன் வரலாறு எழுதப்படவே வேண்டும். ஆனால் புகார் சொன்ன ஒவ்வொரு பெண்ணும் அடையாளம் காணப்பட வேண்டும் என்பது அதற்குப் பொருளன்று. பெயரின்றி எழுதினால் வரலாறு குறைந்துவிடாது.

சங்கத்துக்குள் நடந்த கசப்பான செய்திகளையும் பதிவு செய்ய வேண்டுமா?

ஆம். பெண்களுக்குக் குறைந்த கூலி என்று எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் சங்கத் தலைவர்கள் கையெழுத்திட்டதும், மேடையில் பெண்களுக்கு இடம் தராததும், மூணாறில் பெண்கள் சங்கங்களையே எதிர்த்ததும் இயக்க வரலாற்றின் பகுதிகள். இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக்கூலி 1984இல்தான் கிடைத்தது. அதற்கு முன்னர் நூறாண்டுக்கும் மேலாக, ஏற்றுமதிக்கு அடிப்படையான கொழுந்தைப் பறித்த பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி என்பது இயல்பாக ஏற்கப்பட்டிருந்தது. இயக்கத்தின் மீது உண்மையான பற்றுள்ளவர்கள் இதை மறைக்கத் தேவையில்லை. இன்றைய சங்கப் பொறுப்பாளர்களுக்குச் சங்கடம் தரும் பதிவாக இருந்தால், அதைச் சில ஆண்டுகள் மூடி வைக்கலாம். வெட்டி எடுத்தல் கூடாது.

போராட்டத்தில் இறந்தவர்களின் பட்டியலைத் தயாரிப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் ஒவ்வொருவரின் பெயர், வயது, வேலை, உறவு ஆகியவற்றைத் தேட வேண்டும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட, சங்கத்தைக் கைவிட மறுத்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. அப்பெண்களை இறந்தவர்களாக மட்டும் நினைவுகூர்கிறோம். அவர்கள் நடவு நட்டவர்கள், கூலிப் பேச்சில் நின்றவர்கள் என்பதையும் எழுத வேண்டும்.

நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது 146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள், பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகள். அடையாளம் தெரியாமல் அடக்கம் செய்யப்பட்ட ஆறு பேரின் பெயர்கள், ஓர் ஆய்வாளர் பழைய நாளிதழ்களையும் கல்லறைப் பதிவுகளையும் விடாது ஒப்பிட்டதன் பின் 2011இல்தான் உறுதியாயின. நூறாண்டு கழித்தும் அது இயன்றதற்குக் காரணம், அந்நகரில் குடியேறிகளின் தாய்மொழி நாளிதழ்கள் யாராலோ பாதுகாக்கப்பட்டிருந்ததுதான். உயிர் பிழைத்தவர்களின் நேர்காணல்களும் சங்க ஆவணங்களும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கீல் மையத்தில் உள்ளன. நம் பட்டாசு, தீப்பெட்டி ஆலை விபத்துகளில் இறந்த பெண்களின் பெயர்கள் மாவட்டப் பதிப்பு நாளிதழ்களில் ஒரு நாள் வந்து மறைகின்றன. மாவட்டப் பதிப்புகளை முறையாகச் சேர்த்து வைக்கும் நூலகங்கள் மிகக் குறைவு என்பதால், அப்பக்கங்களைக் கத்தரித்து நாளும் பதிப்பும் குறித்து வைப்பது பெரிய உதவி.

நிறுவனங்களிடமும் அரசிடமும் உள்ள ஆவணங்களைப் பெற முடியுமா?

1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் நடப்பிலிருந்தவரை, பதிவு பெற்ற தொழிற்சங்கங்கள் அதன்படி ஆண்டறிக்கை தர வேண்டியிருந்தது. தொழிலாளர் துறையிடம் உள்ள அத்தகைய ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் வழியே கேட்கலாம். தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்புகள், சமரசப் பேச்சின் ஒப்பந்தங்கள் ஆகியவற்றில் பெண் தொழிலாளர்களின் பெயர்கள் வாதிகளாக வருவதுண்டு. அவற்றைத் தேடுவது பயன் தரும். தனியார் நிறுவனங்கள் தம் பதிவேடுகளைக் காட்டுவது அரிது. ஆலை மூடப்படும் செய்தி கேட்டவுடன், அங்கு எழுத்தர் வேலை பார்த்தவர்களை அணுகுவது நடைமுறைக்கு உகந்த வழி.

பழைய காகிதங்களையும் புகைப்படங்களையும் எப்படிப் பாதுகாப்பது?

லேமினேஷன் செய்யாதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கேடுகளில் இது முதன்மையானது. சூட்டில் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக்கைப் பின்னர் பிரிக்க முடியாது, உள்ளே காகிதம் மஞ்சளாகிக்கொண்டே போகும். செல்லோ டேப்பும் அவ்வாறே. துருப்பிடித்த குண்டூசி, கிளிப் ஆகியவற்றை மெல்ல எடுத்துவிட்டு, அமிலமற்ற காகித உறையில், அது கிடைக்காவிட்டால் சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கிடையே, தட்டையாக வையுங்கள். தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். மலைப் பகுதிகளில் ஈரமே பெரும்பகை. அடுப்புக்கு மேலுள்ள பரண் காய்ந்திருக்கும் என்று அங்கே வைப்பது புகையில் முடியும்.

புதிய சம்பளச் சீட்டுகளில் பல வெப்பத்தாளில் அச்சிடப்படுகின்றன. அவை சில ஆண்டுகளில் வெளுத்துவிடும் என்பதால் கிடைத்த அன்றே படம் எடுங்கள். மற்றவற்றை 300 டிபிஐ அளவிலும், புகைப்படங்களை 600 டிபிஐ அளவிலும் ஸ்கேன் செய்தால் போதுமானது. புகைப்படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை, இடமிருந்து வலமாக, தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

ஒலி, ஒளிப் பதிவுகளை எப்படி வைத்திருப்பது?

ஒலியை வேவ் (WAV) கோப்பு வடிவில் பதிவு செய்து, மூலத்தைத் திருத்தாமல் வையுங்கள். மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பதே அடிப்படை. வாட்ஸ்அப்பில் அனுப்பியது பிரதியாகாது. அதில் படமும் ஒலியும் சுருங்கிவிடுகின்றன. கோப்பின் பெயரில் நாள், ஊர், தொழில் ஆகியவை இருக்கட்டும்; பெயர் மறைக்கக் கேட்டவரின் பெயரைக் கோப்பின் பெயரில் இடாதீர்கள். எண்பதுகளின் கேசட்டுகளில் சங்கக் கூட்ட உரைகளும் கலைநிகழ்ச்சிகளும் இருக்கும். பூஞ்சை பிடித்த கேசட்டை வீட்டு டேப்பில் ஓட்டிப் பார்க்காமல், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து ஒரே ஓட்டத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பேச்சை எழுத்தாக்கும்போது வட்டார வழக்கை அப்படியே எழுத வேண்டும். பேசியவரின் தமிழைப் புத்தகத் தமிழாகத் திருத்துவது அவருக்குச் செய்யும் மரியாதை என்று சிலர் எண்ணுகிறார்கள். நாங்கள் அவ்வாறு எண்ணவில்லை.

சேகரித்தவற்றை எங்கே ஒப்படைக்கலாம்?

அச்சுப் பிரசுரங்கள், துண்டறிக்கைகள், சிற்றிதழ்கள் ஆகியவற்றுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பொருத்தமான இடம். இலங்கை, மலையகம் தொடர்பானவற்றுக்கு நூலகம் நிறுவனம் 2005 முதல் எண்ணிம நூலகம் நடத்தி வருகிறது. மும்பையில் எழுத்தாளர் அம்பை முன்னின்று உருவாக்கிய ஸ்பாரோ, பெண்களின் குரலையும் படத்தையும் ஆவணமாகக் கருதிச் சேர்க்க 1988இல் தொடங்கப்பட்டது. இப்பணியில் இறங்குவோர் அதன் முறைகளை அறிந்துகொள்வது நல்லது. நொய்டாவிலுள்ள வி. வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனம் இந்தியத் தொழிலாளர் ஆவணக் காப்பகத்தைப் பேணுகிறது. அரசு ஆணைகளைத் தேட எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கே செல்ல வேண்டும்.

எங்கே கொடுத்தாலும் மூன்றைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள்: பேசியவர் விதித்த நிபந்தனைகள் காக்கப்படுமா, அவர் குடும்பத்தினர் கட்டணமின்றிப் பார்க்கலாமா, ஸ்கேன் பிரதி ஒன்று ஊருக்குத் தரப்படுமா. மூன்றாவதை நாங்கள் வலியுறுத்துகிறோம். வால்பாறையிலிருந்து எடுத்த நேர்காணலைக் கேட்க வால்பாறைப் பெண் சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டிய நிலை இருத்தலாகாது. தோட்டத்து வாசகசாலை, பள்ளி நூலகம், சங்க அலுவலகம் ஆகிய ஏதேனும் ஓரிடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும்.

இப்பதிவுகளால் இன்று உழைக்கும் பெண்களுக்கு நேரடிப் பயன் உண்டா?

உண்டு. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள், நாள் முழுதும் நின்றே வேலை செய்ய வேண்டியிருந்ததையும் கழிப்பறை இல்லாததையும் எதிர்த்துத் திரண்டதன் தொடர்ச்சியாகக் கேரளம் 2018இலும், அதன் பின்னர் தமிழ்நாடு 2021இலும், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. இன்று நாற்காலி இருந்தும் உட்கார அனுமதிக்காத கடைகளில் வேலை பார்க்கும் இளம்பெண்கள், அந்த உரிமை எப்படி வந்தது என்பதை அறிந்தால் அதைக் கேட்டுப் பெறத் துணிவார்கள். ஓய்வூதியம், பி.எஃப். வழக்குகளிலும் பழைய சம்பளச் சீட்டின் ஸ்கேன் பிரதி சான்றாக உதவக்கூடும். இதனாலேயே எடுத்த ஒவ்வொரு பிரதியையும் முதலில் அவரிடமே கொடுங்கள்.

நிதியோ அமைப்போ இல்லாமல் தனியொருவர் தொடங்க இயலுமா?

இயலும். ஒரு கைபேசி, ஒரு நோட்டுப் புத்தகம், நகல் எடுத்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். ஊர் முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல் ஒரே ஆலை, ஒரே டிவிஷன், ஒரே வேலைநிறுத்தம் என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை செய்தவர்களில் மிக மூத்தவரிடம் முதலில் செல்லுங்கள். உடன் வேலை செய்த பெண்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லி, அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதோடு நோட்டில் எழுதிக்கொண்டு, அந்தப் பட்டியலின்படி அடுத்தவரைத் தேடிச் செல்லுங்கள்.